பூச்சி மருந்தும் சான்றிதழும்

உலகளாவிய சுகாதாரம் என்ற துறையில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சான்றிதழ் கற்கைநெறிகள் ஏறத்தாழ ஒரே அமைப்பில்தான் இருக்கின்றன. அறிமுகப் பாடம் ஒன்று கட்டாயம். தொற்றுநோயியலும் புள்ளிவிபரவியலும் பெரும்பாலும் கட்டாயம். பிறகு தாய்சேய் நலம், போசாக்கு, சுற்றாடல், சுகாதாரப் பொருளாதாரம், ஆய்வு அறம் என்று ஒரு பட்டியல் தருவார்கள். அதில் இரண்டோ மூன்றோ தெரிந்தெடுக்க வேண்டும். கடைசியில் சில வாரக் களப்பயிற்சி, அதைப் பற்றி ஓர் அறிக்கை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு 12 முதல் 18 கிரெடிட் வரை கேட்பது வழக்கம். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் கணக்கு வேறு. இங்கே ஒரு கிரெடிட் என்றால் 50 மணிநேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, களவேலை எல்லாம் அதற்குள் அடக்கம். பட்டப்பின் சான்றிதழ் ஏழாம் மட்டத்தில் வருகிறது, குறைந்தது 20 கிரெடிட். ஆக, ஆயிரம் மணிநேரம்.

ஆயிரம் மணிநேரத்தை ஒருவர் ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அப்புத்தளையில் செலவிட்டால் இந்தப் பட்டியலில் எதையெல்லாம் படித்துவிடலாம்? எல்லாவற்றையும் என்பேன். அதற்குப் பல நோய்களும் தேவையில்லை, குடற்புழு ஒன்று போதும். தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் 'பூச்சி மருந்து' கொடுப்பார்களே, அந்தப் பூச்சி.

உலகளாவிய சுகாதாரம் என்று இன்று சொல்லப்படும் படிப்பின் வேர்களில் ஒன்று இந்தப் புழுவில்தான் இருக்கிறது. 1909இல் றொக்ஃபெல்லர் பணத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 1913இல் றொக்ஃபெல்லர் அறக்கட்டளை வெளிநாடுகளுக்கென ஒரு சுகாதார ஆணைக்குழுவை அமைத்தது. அது இலங்கையில் கால்வைத்தது 1916இல், மாத்தளைத் தோட்டங்களில். அதே 1916இல்தான் றொக்ஃபெல்லர் நிதியில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டது. பின்னர் உலகெங்கும் எழுந்த பொதுச் சுகாதாரப் பள்ளிகள் பலவற்றுக்கு அது முன்மாதிரி. அந்தப் பள்ளி அமைந்த பால்டிமோரில் பாடம் தொடங்க ஆயத்தம் நடந்த காலத்தில், மாத்தளையில் தமிழ்த் தொழிலாளர்களின் மலம் நுண்நோக்கியின் கீழ் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வகுப்பறை, மறுபக்கம் தொழிலாளர் குடியிருப்பான லயம். இரண்டுக்கும் பணம் ஒரே கையிலிருந்து வந்தது. பாடவிதானத்தின் அறிமுகப் பாடத்தில் முதல் வகுப்பு இதுவாக இருக்கவேண்டும். ஆனால் இத்துறையின் வரலாறு இலண்டனிலும் லிவர்பூலிலும் தொடங்கப்பட்ட வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகளிலிருந்து நேராக ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்துக்குத் தாவுவதே வழக்கமாகிவிட்டது.

அந்த இயக்கம் என்ன செய்தது? தோட்டத்தில் உள்ளவர்களைக் கணக்கெடுத்தது, சோதித்தது, புழு இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தது, மறுபடி சோதித்தது. மருந்து வேலை செய்தது. ஆனால் மருந்து குடித்தவர் மறுநாள் காலை அதே மண்ணில் வெறுங்காலோடு மலைக்கு ஏறினார். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வரும். ஈரமும் சூடும் இருந்தால் குடம்பியாகும். பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நுரையீரல் வழியாகச் சுற்றிச் சிறுகுடலுக்கு வந்து ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இந்தச் சுற்றை அறுக்க மலசலகூடம் வேண்டும். சமூகவியலாளர் சோம ஹேவா 1995இல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது: தோட்டத்துரைமார் மருந்தை வரவேற்றார்கள், ஏனென்றால் இரத்தச்சோகை தீர்ந்த உடம்பு கூடுதலாக வேலை செய்யும், மலசலகூடம் கட்டும் செலவு என்றதும் பின்வாங்கினார்கள். நோயைத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் சொன்ன நியாயம். கொண்டுவந்த புழு லயத்தைச் சுற்றியுள்ள மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததற்கு அந்த நியாயத்தில் விடை இல்லை.

இனி தொற்றுநோயியல். 1992இல் பெருந்தோட்டத் துறை முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று முதல் 12 வயது வரையான பிள்ளைகளிலும் குழந்தை பெறும் வயதுப் பெண்களிலும் 90 சதவீதத்துக்கு மேலானோருக்குக் குடற்புழு இருந்தது. மாத்தளை இயக்கம் தொடங்கி 76 ஆண்டுகள் கழித்து வந்த எண் இது. தோட்ட நிர்வாகம் அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து மீண்டும் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய ஆண்டும் அதுதான். 1994இல் வருடம் இருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கி 2005 வரை நடந்தது. திட்டம் நின்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஐந்து மாவட்டங்களின் 114 தோட்டப் பாடசாலைகளில் 1890 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி 29 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதாவதொரு புழு இருந்தது. அதிகம் காணப்பட்டது வட்டப்புழு. கொக்கிப்புழு இரண்டு மாவட்டங்களில் தென்படவே இல்லை.

தொண்ணூறிலிருந்து இருபத்தொன்பது. இது வெற்றியா? மாணவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. இரண்டு ஆய்வும் ஒரே வயதினரையா சோதித்தன, ஒரே முறையிலா சோதித்தன, மருந்தால் குறைந்தது எவ்வளவு, இடையில் வந்த மலசலகூடத்தாலும் செருப்பாலும் குறைந்தது எவ்வளவு, மருந்து நின்ற நான்கு ஆண்டுகளில் திரும்பி ஏறியது எவ்வளவு என்றுதான் கேட்கவேண்டும். புழு இருப்பதும் நிறையப் புழு இருப்பதும் வேறு வேறு. மிதமான அல்லது கடுமையான தொற்று 11.6 சதவீதத்தினரிடமே இருந்தது. தொற்றுநோயியல் பாடத்தின் பாதி இந்தப் பந்திக்குள் அடங்கிவிடும். ஆப்பிரிக்க உதாரணம் தேடிப் போகவேண்டியதில்லை.

அந்த ஆய்வில் அப்புத்தளைக்காரர் நின்று பார்க்கவேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. ஆய்வு தேடிய மூன்று வகைப் புழுக்களுக்கும் பொதுவான ஆபத்துக் காரணிகளாக இரண்டு தெரியவந்தன: கடல்மட்டத்திலிருந்து இடத்தின் குறைந்த உயரம், தாயின் குறைந்த கல்வி. அப்புத்தளை நகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமுதுகின் மேல் இருக்கிறது. வடக்கே இறங்கினால் பண்டாரவளை, ஊவாவின் குளிர்ந்த மேட்டுநிலம். தெற்கே மலை செங்குத்தாக விழுகிறது. கொஸ்லந்தை நோக்கி இறங்க இறங்கச் சட்டை வியர்க்கத் தொடங்கும். பிறகு வெல்லவாய, வெப்பச் சமவெளி. ஒரே பஸ் பயணத்தில் பல நூறு மீட்டர் உயர வித்தியாசம். ஆய்வாளர் கணினியில் சமன்பாடு போட்டுக் கண்ட காரணியை ஊவா மாணவர் ஒரு பகலில் நடந்தே கடக்கலாம். மேலேயுள்ள தோட்டத்திலும் கீழேயுள்ள தோட்டத்திலும் ஒரே கம்பனி, ஒரே சம்பளம், ஒரே மாதிரி லயம் என்று இரண்டு இடங்களைத் தெரிந்தெடுத்து ஒப்பிட்டால், உயரத்தின் பங்கையும் வாழ்நிலையின் பங்கையும் பிரித்தறியும் ஒரு சிறு ஆய்வு கிடைக்கும். களப்பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எங்கும் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இந்த இறக்கத்தில்தான் மீரியாபெத்தையும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு அங்கே லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்ட இடம். சுற்றாடலும் சுகாதாரமும் என்ற விருப்பப் பாடம் எடுப்பவருக்கு அந்த மூன்று ஆண்டுகளே ஒரு வினாத்தாள்.

புள்ளிவிபரவியலுக்கு வருவோம். உலகளாவிய சுகாதாரப் பாடநூல்களில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. 1985இல் றொக்ஃபெல்லர் அறக்கட்டளை வெளியிட்ட, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் பற்றிய புகழ்பெற்ற தொகுப்பில் சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையும் இடம்பெற்றது. 2003இல் உலக வங்கி மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்கொண்டு தாய் மரணம் குறைந்த கதையை எழுதியது. 1930களில் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்தைத் தாண்டிய தாய் மரணம் 2010களில் முப்பது நாற்பதளவுக்கு இறங்கியிருந்தது. இது பொய்யல்ல, சாதாரணச் சாதனையுமல்ல. ஆனால் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைத் திறந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதிலும் 17 சதவீதம், தோட்டத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து எண் 40 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது. தேசிய எண் மட்டும் 17லேயே நிற்கிறது.

தோட்டத்தில் இவ்வளவு குறைந்தும் தேசிய எண் ஏன் அசையவில்லை? 2012 குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்தில் வசிப்பவர் நாட்டின் சனத்தொகையில் 4.4 சதவீதம். நாளைக் காலையே தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் நாட்டின் சராசரி நிலையை எட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய எண் ஒரு புள்ளிகூட இறங்காது. ஒரு புள்ளியும் அசைக்காத பிள்ளைகளுக்காக எந்த அமைச்சு பணம் ஒதுக்கும்? சராசரியை மட்டும் இலக்காக வைக்கும் எந்தத் திட்டத்துக்கும் தோட்டம் கண்ணில் படாது. இந்த ஒரு பெருக்கல் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் சமத்துவம் பற்றி ஒரு தவணை முழுக்க விரிவுரை கேட்டும் பயனில்லை. 2009இல் 'த லான்செட்' இதழில் ஜெஃப்ரி கொப்லானும் சகாக்களும் இத்துறைக்கு எழுதிய வரைவிலக்கணத்தில் சமத்துவத்தை மையத்தில் வைத்தார்கள். பெரும்பாலான அறிமுகப் பாடங்கள் அதைத்தான் முதலில் கற்பிக்கின்றன. வரைவிலக்கணத்தை மனனம் செய்தவர் 4.4 சதவீதத்தை, 32க்கும் 17க்கும் இடையிலான 15 புள்ளியால் பெருக்கிப் பார்க்கட்டும்.

பொருளாதாரப் பாடத்துக்கும் பூச்சி மருந்தே போதும். 2004இல் எட்வர்ட் மிகெலும் மைக்கேல் கிரேமரும் கென்யப் பாடசாலைகளில் பூச்சி மருந்து கொடுத்ததால் வரவு கூடியது என்று எழுதினார்கள். 2015இல் அதே தரவை வேறு ஆய்வாளர் மறுபடி கணக்கிட்டு முடிவுகளில் ஐயம் எழுப்ப, பெரிய சண்டை மூண்டது. 2019இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் கிரேமரும் ஒருவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுப்பதா, சோதித்துப் பார்த்துக் கொடுப்பதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. உலக வகுப்பறைகளில் கென்யாவின் பெயர் அடிபடும் இந்த விவாதத்தில் எங்கள் பெண்களின் இரத்தமும் சாட்சியாக இருப்பது பலருக்குத் தெரியாது. இலங்கைப் பெருந்தோட்டக் கர்ப்பிணிகளிடையே அத்துகோரல முதலானோர் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு, இரும்புச்சத்து மாத்திரையோடு பூச்சி மருந்தையும் கொடுத்தால் இரத்தச்சோகைக்கு எதிராக நல்ல பலன் கிடைப்பதைக் காட்டியது. கர்ப்பிணிக்கு இந்த மருந்தைக் கொடுப்பது பாதுகாப்பானதா என்ற கேள்வியை நிலந்தி டி சில்வாவும் சகாக்களும் எடுத்துக்கொண்டு 1999இல் 'த லான்செட்' இதழில் எழுதினார்கள். குறைபாடுள்ள பிறப்புகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்பது அவர்கள் கண்டது. இவை இலங்கையர் இலங்கையில் செய்த ஆய்வுகள். பாடவிதானத்தில் இவற்றுக்கு இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கொள்கை வரலாற்றுப் பகுதியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. கொக்கிப்புழு இயக்கம் கற்ற பாடத்தின் விளைவு அது: மருந்து மட்டும் போதாது, தாய்சேய் நலம், துப்புரவு, சுகாதாரக் கல்வி எல்லாம் ஓரிடத்திலிருந்து நடக்கவேண்டும். வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், இவர்களுக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி என்று இன்று உலகம் மெச்சும் இலங்கை முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. பாடம் கற்றது தோட்டத்தில், பலன் போனது கிராமத்துக்கு. தோட்டமோ 1872இலும் 1912இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்களின் கீழ் துரையின் பொறுப்பில் விடப்பட்டது. தோட்ட டிஸ்பென்சரி, அங்கே ஒரு மருத்துவ உதவியாளர், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஓர் ஆயா: இதுதான் தோட்டத்துச் சுகாதார அமைச்சு. 1970களின் தேசியமயமாக்கத்துக்குப் பிறகுதான் அரச சேவை மெல்ல மெல்ல உள்ளே வரத் தொடங்கியது. அந்த ஒருங்கிணைப்பு இன்னும் முடியவில்லை. லயத்துக்கு வரும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பதும், தாய்க்குச் சிங்களம் தெரியாமல் இருப்பதும் ஊவாவில் புதுச் செய்தியல்ல.

அடுத்தது ஆய்வு அறம். சான்றிதழ் கேட்கும் களப்பயிற்சி நான்கு முதல் எட்டு வாரம். வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மாணவர் தோட்டத்துக்கு வருவதானால், முதலில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்ததும் கணக்கப்பிள்ளை சொல்வார், பெண்கள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்கு வருவதுபோல வரிசையில் வந்து நிற்பார்கள், சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போடுவார்கள். அது சம்மதமா, கீழ்ப்படிதலா? வேலைக்குப் பேர் போடுகிறவர் கண்முன்னால் நிற்கும்போது மறுத்துவிட்டுப் போகக்கூடியவர் எத்தனை பேர்? ஆய்வு அறம் பற்றிய பாடத்தில் சம்மதத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கும். வாயில்காப்பாளர் என்று ஒரு சொல்லும் வரும். தோட்டத்தில் அந்த வாயில்காப்பாளர்தான் வேலையும் வீடும் தருகிறவர். இதை நேரில் பார்க்காதவருக்கு அந்த அத்தியாயம் வெறும் தாள்.

2010இல் உலகளாவிய சுகாதாரப் பயிற்சிக்கான அறநெறி வழிகாட்டல்கள் வெளியாகின. வருகிற மாணவருக்கும் அனுப்புகிற நிறுவனத்துக்கும் கிடைக்கிற பயன், வரவேற்கிற ஊருக்கும் கிடைக்கவேண்டும்; மாணவர் தன் தகுதிக்கு மீறிய சிகிச்சையில் இறங்கக்கூடாது; உள்ளூரின் மொழியையும் பண்பாட்டையும் அறிந்திருக்கவேண்டும் என்பவை அவற்றின் சாரம். நல்ல வழிகாட்டல்கள். ஆனால் மொழியை எத்தனை கற்கைநெறிகள் கிரெடிட் தந்து கட்டாயமாக்கியிருக்கின்றன? புள்ளிவிபரவியல் மென்பொருளுக்கு 45 மணிநேரம் கொடுப்பவர்கள், பேசப்போகும் மனிதரின் மொழிக்கு ஒரு வாரக் கையேட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வயிற்றுப்போக்கு, தலைச்சுற்று, மாதவிலக்கு, கருச்சிதைவு பற்றியெல்லாம் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளராக வந்த அயல் லயத்துப் பையனிடம் சொல்லிவிடுவாள் என்று நினைப்பது ஆய்வு முறையே அல்ல.

ஆகவே என் யோசனை இது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் படிக்கலாம். தேயிலைக்கு ஒரு பட்டம் உண்டென்றால் கொழுந்து பறிப்பவரின் உடம்புக்கு ஒரு சான்றிதழ் இருப்பதில் தவறென்ன? அந்தச் சான்றிதழ் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கவேண்டும். தமிழ் தெரியாத மாணவருக்குத் தமிழும், சிங்களம் தெரியாதவருக்குச் சிங்களமும் கிரெடிட் உள்ள கட்டாயப் பாடங்களாக இருக்கவேண்டும். சேர்வதற்குப் பட்டம் கேட்கும் ஏழாம் மட்டத்தோடு நின்றுவிடாமல், உயர்தரம் முடித்தவர் சேரக்கூடிய மூன்றாம் மட்டத்து 30 கிரெடிட் டிப்ளோமாவும் கூடவே இருக்கவேண்டும். ஏனென்றால் இந்தப் படிப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களில் பலரிடம் பட்டம் இருக்காது: தோட்ட மருத்துவ உதவியாளர், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர், குடும்பநல உத்தியோகத்தர், தோட்டப் பாடசாலை ஆசிரியர். வேலை செய்பவர்கள் என்பதால் வகுப்பு வார இறுதியில் நடக்கட்டும். அவர்களுக்குக் களப்பயிற்சி என்று தனியாக எங்கும் போகவேண்டியதில்லை. தங்கள் டிஸ்பென்சரிப் பதிவேட்டை ஒழுங்காக எண்ணி, தங்கள் பிரிவின் பிள்ளைகளை நிறுத்தும் அளந்தும் பார்த்து, ஒரு கேள்விக்கு விடை கண்டு எழுதினால் அதுவே அறிக்கை.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். தரம் குறையும் என்பார்கள். தொற்றுநோயியலைத் தமிழில் கற்பிக்கப் பாடநூல் எங்கே என்பார்கள். நியாயமான கேள்வி, எழுதத்தான் வேண்டும், எழுதக்கூடிய மருத்துவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருக்கிறார்கள். தோட்டக்காரருக்குத் தனிப் படிப்பா, அது பிரிவினையை வளர்க்காதா என்று இன்னொரு குரல் வரும். தோட்டத்தைத் தனியாக வைத்து ஒன்றரை நூற்றாண்டு சட்டம் செய்தவர்கள் வாயில் அந்த வாதம் பொருந்தாது. தவிர, பண்டாரவளைக் கிராமத்துச் சிங்கள மாணவியும் மேல் தோட்டத்துத் தமிழ் உத்தியோகத்தரும் ஒரே வகுப்பில் ஒரே தரவை வைத்து வாதாடும் இடமாக இது அமையும்.

ஊவாவில் பல்கலைக்கழகப் பேரவையிலும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திலும் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கற்கைநெறி முன்மொழிவைத் தயாரிக்கும்போது வெளிநாட்டுப் பாடவிதானம் ஒன்றைப் பிரதியெடுக்கும் முன், அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வரை உள்ள தோட்டங்களின் மருத்துவ உதவியாளர்களை ஒரு நாள் பதுளைக்கு அழைத்து, அவர்களுக்கு எதைக் கற்பிக்கவேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.